ஏழு மாதமாக ‘பாப்பம்’: பார்வை குறைந்த மாணவி ஒருவரின் பரீட்சைக் கோரிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த மாணவியை நான் முதலில் சந்தித்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அவர் வாடகைக்கு இருந்த அறையில். ஜூன் 21ஆம் திகதி. அவருடைய பரீட்சை முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டை அங்கேயே விரல்விட்டு எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று பிறகு சொல்கிறேன்.

“எழுத எழுத நிப்பாட்டினா அக்கா. சிக்மாவை எப்படிப் போடுறது எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?” என்றார், பரீட்சையில் தான் சொல்லச் சொல்ல விடை எழுத வந்தவரைப் பற்றி. சிக்மா என்பது கூட்டுத்தொகையைக் குறிக்கும் கணிதக் குறியீடு.

மாணவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரும் அவர் படிக்கும் இடத்தின் பெயரும் இதில் இல்லை. கொழும்பிலுள்ள ஓர் அரச உயர்கல்வி நிறுவனம் என்ற அளவு போதும். நான் சட்டத்தரணி இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் கொடுக்கப் போய், பிறகு அவர்களுடைய கடிதங்களையும் எழுதத் தொடங்கியவள். எழுதிய கடிதங்களுக்குள் இந்த ஒன்றை எடுத்ததற்குக் காரணம், இதில் பரீட்சை முடியும்வரை ஒருவர்கூட “முடியாது” என்று சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். “பாவம்” என்றார்கள், “பாப்பம்” என்றார்கள். பெப்ரவரியில் கேட்டதற்கு செப்டெம்பரில்தான் எழுத்தில் முடிவு வந்தது. இடையில் ஒரு பரீட்சை வந்து போய்விட்டது.

கேட்டது என்ன

அவர் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர். சின்ன வயதில் பொழுதுபட்டால் கண் தெரியாது. மாலைக்கண் என்று நினைத்து கரட்டும் மீன் எண்ணெயும் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில்தான், கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில், நோயின் பெயர் தெரிந்தது: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் மெதுமெதுவாக அழியும் பரம்பரை நோய். பெரும்பாலும் முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும், குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும். அவருக்கு இப்போது அந்தக் குழாய்தான் மிச்சம். முன்னால் இருக்கிற படியைக் காண்பார், பக்கத்தில் நிற்கும் ஆளைக் காணமாட்டார். அச்செழுத்தைத் தேடித் தேடிப் பிடித்து ஒரு பக்கம் வாசிக்க முக்கால் மணி நேரம், அதோடு தலையிடி.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், அலுவலகத்தில் அவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி: “தங்கச்சி தனியத்தானே நடந்து வாறீங்கள், கண் தெரியுதுதானே?” முழுதாகப் பார்வை இல்லாதவருக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கு ஓரளவு தெரியும். பாதி தெரிகிறவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

பெப்ரவரி இரண்டாம் கிழமை அவர் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். விரிவுரைக் குறிப்புகளை வகுப்புக்கு முன்பே யூனிகோட் எழுத்தில், கணினிக் கோப்பாகத் தரவேண்டும். பரீட்சையை, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் உள்ள கணினியில் எழுத விடவேண்டும். மேலதிக நேரம் வேண்டும். புள்ளிவிபரவியல் தாளில் வரைபு வரையும் கேள்விகளுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். இவ்வளவுதான். உயர்தரப் பரீட்சையில், சொல்லச் சொல்ல எழுதும் எழுத்துதவியாளரும் மேலதிக நேரமும் கிடைத்து எழுதியவர் என்பதால், இதுவும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்கிறார்.

கடிதத்தை லிகிதர் கையில் வாங்கினார். நகலில் முத்திரை குத்தவில்லை. இவரும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

மார்ச்சில் போய்க் கேட்டபோது “மேலே போயிருக்கு, பாப்பம்” என்றார்கள். இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்துவிட்டு, “இது விடுதிப் பிரச்சினை, வார்டனைப் பாருங்கோ” என்றார்களாம். பிறகு அந்தச் சுற்றறிக்கையை நானே பார்த்தேன். ஓர் ஆளின் தேவைக்கேற்ப மாற்றம் செய்து கொடுக்கும் ‘நியாயமான வசதியளிப்பு’ என்று வரவேண்டிய இடத்தில் தமிழில் ‘நியாயமான தங்குமிட வசதி’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘அக்கொமடேஷன்’ என்ற ஒரே சொல். அந்தப் பிழையால் ஒரு மாணவி மூன்று நாள் விடுதி அலுவலகத்துக்கு ஏறி இறங்கினார்.

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையோடு போனது. மே மாதம் கண் வைத்தியசாலை அறிக்கையை இணைத்து பீடாதிபதிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் ஒரு தாளில், சிங்களத்தில், அச்சில் வந்தது. அச்சு வாசிக்க முடியாது என்று எழுதியவருக்கு அச்சில் பதில். அறைத் தோழி வாசித்துச் சொன்னார்: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

பாமினி

குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு இதுதான் முழுப் பிரச்சினையும்.

அவருடைய மடிக்கணினியில் என்விடிஏ இருக்கிறது. 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான், முற்றிலும் இலவசம். தமிழும் வாசிக்கும், யூனிகோட் தமிழாக இருந்தால். அவருக்குக் கிடைத்த குறிப்புகளில் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த அறையில் அவர் எனக்கு ஒரு பக்கத்தை ஓடவிட்டுக் காட்டினார். மீடிறன் பரம்பல், அதாவது எந்தப் பெறுமானம் எத்தனை தடவை வருகிறது என்பது பற்றிய பாடம். உடைந்த ஆங்கிலச் சத்தம் ஒரு நிமிடம் கொட்டியது. “இப்படித்தான் அக்கா எனக்குப் பாடம் கேக்கும்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

தமிழ் யூனிகோட்டுக்கு இலங்கைத் தர நிர்ணயம் 2008இலேயே வந்துவிட்டது, எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில். பாமினியை யூனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகளும் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஒட்டி, ஒரு தடவை அழுத்தினால் மாறிவிடும். அச்செடுத்து ஸ்கேன் செய்த பக்கங்களுக்குக் கொஞ்சம் கூட வேலை, சரி. ஆனால் தட்டச்சுக் கோப்பு விரிவுரையாளரின் கணினியிலேயே கிடந்தது. அனுப்பியிருந்தால் அன்றிரவே மாற்றியிருக்கலாம்.

ஜூன் 3

தனி அறை என்று கொடுத்தது போட்டோக்கொப்பி மெசின் இருந்த அறை. கணினி இல்லை. எழுத்துதவியாளராக ஓர் அலுவலக உதவியாளரை அனுப்பியிருந்தார்கள். நல்ல மனிசி என்று மாணவியே சொல்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் சிங்களத்தில் படித்தவர், தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். புள்ளிவிபரவியல் கண்டதே இல்லை.

நியம விலகல் கேள்வி, அதாவது தரவு சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கிறது என்று காண்பது. மாணவி சொல்கிறார்: வர்க்கமூலத்துக்குள் சிக்மா, அடைப்புக்குள் எக்ஸ் கழித்தல் எக்ஸ் பார், அதன் வர்க்கம், கீழே என். உதவியாளர் எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிறார்: “எக்ஸ் பார் எண்டு எழுதிட்டன்.” எக்ஸுக்கு மேலே ஒரு கோடு என்று மாணவி விளக்குகிறார். எந்த எக்ஸ் என்று அவர் கேட்கிறார். இந்த ஒரு வரிக்குப் பதினொரு நிமிடம். நடுவில் இரண்டு தடவை யாரோ கொப்பி எடுக்க வந்தார்கள்.

இரண்டு மணி நேரத் தாள். மேலதிகமாக பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். நான்கு கேள்விக்கு விடை எழுதவேண்டும், இரண்டரைதான் முடிந்தது. வலையுருவரையம், அதாவது தரவை ஒட்டி நிற்கும் நிரல்களாகக் காட்டும் வரைபு, வரையும் கேள்வியை அவர் தொடவே இல்லை. கடைசியில் அந்த உதவியாளர் அழுதிருக்கிறார். “நான்தான் பிள்ளையின்ட சோதினையைக் கெடுத்துப் போட்டன்” என்று. கெடுத்தது அவர் இல்லை. பயிற்சியும் இல்லாமல், பாடமும் தெரியாமல், காலையில் கூப்பிட்டு அந்தக் கதிரையில் இருத்தப்பட்டவர் அவர்.

இது மறுப்பா?

நிறுவனத்தின் நிலைப்பாடு பிறகு எழுத்தில் வந்தது: வசதி மறுக்கப்படவில்லை, தனி அறை, எழுத்துதவியாளர், மேலதிக நேரம் மூன்றும் வழங்கப்பட்டன. பட்டியலாகப் பார்த்தால் சரிதான். ஆனால் நியாயமான வசதியளிப்பு என்பது குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, குறிப்பிட்ட ஒரு வேலையில் வருகிற தடையை நீக்குவது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரை சொல்வதும் அதுதான்: அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்படாத வகையில், தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது. பொருத்தம் என்ற சொல் அங்கே சும்மா இல்லை. இவர் கேட்டது கணினி. கொடுத்தது ஆள். ஏன் கணினி முடியாது என்று ஒருவரும் அவரோடு பேசவில்லை. பேசியிருந்தால், மடிக்கணினி அவருடையது, மென்பொருள் இலவசம், தேவைப்பட்டது ஒரு மேசையும் பிளக் பொயின்ட்டும் யூனிகோட்டில் ஒரு வினாத்தாளும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அளவுக்கு மிஞ்சிய சுமை என்று சொல்ல அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

அந்த உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை உயர்கல்வியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் பாராளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கையை எங்கள் நீதிமன்றத்தில் நேரடியாக எடுத்துப் போக முடியாது. கையில் இருப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, வேலைக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அனுமதி என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்த பிறகு குறிப்பு, வினாத்தாள், பரீட்சை நேரம் பற்றி ஒரு வரி இல்லை. போதாததற்கு, வாழ்க்கைக்கு அவசியமானவற்றைத் தானாக முழுமையாகவோ பகுதியாகவோ உறுதிசெய்ய முடியாதவர்தான் மாற்றுத்திறனாளி என்பது அதன் வரைவிலக்கணம். காலி வீதியில் தனியாக நின்று, கண்டக்டர் கத்துவதைக் கேட்டு நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறி வருகிற பிள்ளை அதற்குள் இலகுவில் அடங்குவாரா? “நடந்து வாறீங்கள்தானே” என்று லிகிதர் கேட்டது அவருடைய சொந்தக் கேள்வி மட்டும் இல்லை, சட்டத்தின் கேள்வியும்தான்.

கட்டடங்கள் விடயத்தில் நாடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. இந்த நிறுவனத்தின் வாசலிலும் நல்ல சாய்தளம் இருக்கிறது, கைப்பிடியோடு. வினாத்தாளுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை, வழக்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

மிஞ்சுவது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அதில் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களுக்குள் மாற்றுத்திறன் பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற முதற்பகுதி இவருக்கும் உரியது, மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று நான்காம் பகுதியும் சொல்கிறது. அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் நாள் எண்ணினேன் என்று.

“பாப்பம்” செய்கிற கொடுமை இங்கேதான். “முடியாது” என்று ஒரு கடிதம் வந்திருந்தால் அந்தத் திகதியிலிருந்து மாதம் எண்ணலாம். “பாப்பம்” என்பதற்குத் திகதி இல்லை. பெப்ரவரிக் கடிதத்துக்கு முத்திரையும் இல்லை. எங்களுக்கு உறுதியாக நின்ற ஒரே திகதி ஜூன் 3. மிச்சம் பன்னிரண்டு நாள்.

செய்தது

வழக்குக்குப் போக அவருக்கு விருப்பம் இல்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்: “சண்டை பிடிக்காத பிள்ளை, இருக்கிறதையும் பறிச்சுப் போடுவாங்கள்.” அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். நான்கு வருடம் அதே ஆட்களிடம் படிக்கவேண்டிய பிள்ளை.

அதனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவைத் தேர்ந்தோம். அதை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் பெறுமதியான ஓர் ஏற்பாடு இருக்கிறது: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வழக்கின் கதவைச் சாத்தாமலே பேச்சுக்குப் போகலாம். ஜூன் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் முறைப்பாட்டைக் கையளித்தோம், முத்திரை குத்திய நகலோடு.

அதே கிழமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி அனுப்பினோம். பரீட்சை வசதிகளுக்கு எழுத்திலான நடைமுறை இருக்கிறதா? பெப்ரவரிக் கடிதம் எந்தச் சபைக்கு, எந்தத் திகதியில் போனது? பதினைந்து நிமிடம் என்று தீர்மானித்தது யார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். சொன்னார்கள். எழுத்திலான நடைமுறை இல்லை. அப்படி ஒரு கடிதம் கோப்பில் இல்லை. பதினைந்து நிமிடம் பரீட்சை மண்டப மேற்பார்வையாளரின் தீர்மானம். இந்த மூன்று வரியைவிட வேறு சாட்சி எங்களுக்குத் தேவைப்படவில்லை. “மேலே போயிருக்கு” என்று மார்ச்சில் சொன்ன கடிதம் மேலே போகவே இல்லை.

ஆணைக்குழு விளக்கம் கேட்ட பிறகு, ஓகஸ்டில் பீடம் எங்களைப் பேச அழைத்தது. அங்கே “ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த ஏலாது” என்று ஒருவர் சொன்னார். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் பார்வை, கேட்டல், நடத்தல் போன்றவற்றில் சிரமம் உண்டு என்று பதிவானவர்கள் 16 இலட்சத்துக்கும் மேல், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதம். அவர்களில் ஒருவர் மட்டுமே அந்தப் பீடத்தில் இருக்கிறார் என்றால், அதையே ஒரு கேள்வியாக எடுக்கவேண்டும் என்று நான் சொன்னேன்.

அங்கே கிடைத்த நேர்மையான எதிர்வாதம் புள்ளிவிபரவியல் விரிவுரையாளருடையது. அதை மதிக்கிறேன். “வரைபு வரையத் தெரியாத ஒருவருக்கு இந்தப் பாடத்தில் சித்தி கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?” என்று கேட்டார். தரம் குறையக்கூடாது என்பதில் மாணவிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எதை அளக்கிறது? பென்சிலும் அடிமட்டமும் பிடிக்கும் கையையா, தரவை வகுப்பாயிடைகளாகப் பிரித்து உயரங்களைக் கணித்து வடிவத்தை விளங்கிக்கொள்ளும் அறிவையா? பின்னது என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது.

மாணவி பையிலிருந்து ஒரு தக்கைப் பலகையை எடுத்தார். அதில் குண்டூசியைக் குத்தி ரப்பர் பட்டி மாட்டி, பாடப்புத்தகத்துக் கணக்கு ஒன்றின் வலையுருவரையத்தை மேசையில் வைத்தே கட்டினார். ஒவ்வொரு நிரலின் உயரத்தையும் விரலால் அளந்து சொன்னார். நேர் ஓராயமா, மறை ஓராயமா, அதாவது வரைபின் வால் வலப்பக்கம் நீள்கிறதா இடப்பக்கம் நீள்கிறதா என்று விரிவுரையாளர் கேட்டார். விரலை வலது பக்க வாலில் ஓட்டிவிட்டு “நேர், சேர்” என்றார். விரிவுரையாளர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தொட்டுப் பார்த்தார். அந்தக் கூட்டம் அதோடு வேறு மாதிரிப் போனது.

இந்தியத் தீர்ப்பு ஒன்றையும் கொண்டு போயிருந்தேன். எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வழி காட்டும். எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுள்ள விகாஷ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்துதவியாளர் மறுக்கப்பட்டது, 40 வீதக் குறைபாடு என்ற அளவுகோலுக்குள் அவர் வரவில்லை என்று. அளவுகோல் இட ஒதுக்கீட்டுக்குத்தான், நியாயமான வசதியளிப்பு மாற்றுத்திறனாளி எல்லோருக்கும் உரியது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் சொன்னது. “நடந்து வாறீங்கள்தானே” என்பதற்கு என்னிடம் இருந்த நல்ல பதில் இதுதான். மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத மேலதிக நேரம் என்ற இந்திய வழிகாட்டலையும் காட்டினோம். பீடம் அதை ஏற்றது.

கிடைத்ததும் கிடைக்காததும்

செப்டெம்பரில் பீடச் சபையின் முடிவு எழுத்தில், தமிழில், மின்னஞ்சலாக வந்தது. ஒக்டோபரில் அந்தப் பரீட்சையை மீண்டும் எழுதினார்: சொந்தக் கணினி, யூனிகோட் வினாத்தாள், நாற்பது நிமிடம் மேலதிகமாக, வரைபுக் கேள்விக்குத் தக்கைப் பலகை. மீளத் தோற்றுபவருக்கு எவ்வளவு புள்ளி எடுத்தாலும் ‘சி’க்கு மேல் இல்லை என்ற விதி அங்கே உண்டு. இதை முதல் தோற்றமாகவே கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம், சம்மதித்தார்கள். எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இதுதான். இல்லாவிட்டால் ஜூன் 3இன் பழி கடைசிவரை அவருடைய பெறுபேற்றுத் தாளில் இருந்திருக்கும்.

கிடைக்காதது, பொதுவான நடைமுறை. முடிவு ‘இந்தப் பரீட்சைக்கு மட்டும்’ என்றே எழுதப்பட்டது. யாரிடம் விண்ணப்பிப்பது, எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் யாரிடம் மேன்முறையீடு என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் போடும்படி கேட்டோம். அது இன்னும் பரிசீலனையில். குறிப்புகளை இப்போதும் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர்தான் பாமினியிலிருந்து மாற்றிக் கொடுக்கிறார்கள், தங்கள் படிப்பு நேரத்தில். அதை நிறுவனம் தன்னுடைய வேலையாக எடுத்திருக்க வேண்டும்.

புதிய அரையாண்டு தொடங்கிய முதல் நாளே அவர் அடுத்த கடிதத்தோடு அலுவலகம் போனார். அதே மேசை, அதே லிகிதர். அவர் வாங்கி வைத்துவிட்டு “பாப்பம் தங்கச்சி” என்றாராம். இவர் நகலை நீட்டினார்.

“திகதி போட்டு ஒரு முத்திரை குத்தித் தாங்கோ, நான் நிக்கிறன்.”

குத்திக் கொடுத்தார்கள்.